டேட்டாபேஸ் பழகுவோம் - 9: மவுஸைத் தேடாத கை

போன வாரம் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் நோயாளிகள் பதிவுக்கான டேபிளை அமைத்தோம். இந்த வாரம் அதற்கொரு ஃபார்ம். பெயர், வயது, தெரு, ஊர், பின்கோடு, கைபேசி எண் என்று ஆறு பெட்டிகள். கொண்டுவந்து போட ஐந்து நிமிடம் ஆகாது. அவற்றை ஒழுங்காக நிறுத்துவதற்குள்தான் பொழுது போய்விடும். மவுஸால் இழுத்தால் ஒன்று மயிரிழை மேலே ஏறும். அதைச் சரிசெய்தால் இன்னொன்று கீழே இறங்கும்.

டிசைன் வியூவில், ஷிஃப்டை அழுத்தியபடி ஆறு பெட்டிகளையும் கிளிக் செய்யுங்கள். இனி அம்புக்குறி விசையைத் தட்டினால் ஆறும் சேர்ந்தே நகரும். ஷிஃப்டோடு வலது அம்புக்குறி அகலத்தைக் கூட்டும், இடது குறைக்கும். கீழ் அம்புக்குறி உயரத்தைக் கூட்டும், மேல் குறைக்கும். கண்ணளவுக்கு வேலையே இல்லை.

நிறம், எழுத்தளவு போன்றவற்றை மாற்றும் பிராப்பர்ட்டி ஷீட், எஃப்4 தட்டினால் திறக்கும். மறுபடி தட்டினால் மூடும். அதில் நீளமான ஃபார்முலா எழுதும்போது பாதி மறைந்துவிடும். அங்கே ஷிஃப்டோடு எஃப்2 அழுத்துங்கள். முழுதும் தெரியும்படி பெரிய சன்னல் வரும். செய்ததைப் பார்க்க எஃப்5. சில லேப்டாப்களில் இந்த விசைகள் ஒலியையோ வெளிச்சத்தையோ மாற்றும். அப்போது எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

இப்படி மிச்சமாகும் நேரத்தை எங்கே செலவிடுவது? ஃபார்மை நாம் ஒரு நாள் வடிவமைக்கிறோம். பதிவு மேசையில் இருப்பவர் அதில் நாள் முழுக்க உழைக்கிறார். அவருக்கும் குறுக்கு வழி வேண்டாமா?

முதலில் டேப் ஆர்டர். பெயரில் டேப் தட்டினால் வயதுக்குப் போக வேண்டும். பின்கோடுக்குத் தாவக் கூடாது. பெட்டிகளை இடம் மாற்றிய பிறகு இதைப் பார்க்க மறக்காதீர்கள். ‘ஆட்டோ ஆர்டர்’ பட்டன், இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக வரிசையை அமைத்துத் தரும்.

அடுத்து, ‘சேவ்’ பட்டனின் கேப்ஷனில் ஆங்கில எஸ் எழுத்துக்கு முன்னால் & குறியைப் போடுங்கள். பிறகு ஆல்ட்டோடு எஸ் அழுத்தினாலே அந்தப் பட்டன் இயங்கும்.

அடுத்தடுத்து வருகிறவர்கள் ஒரே ஊர்க்காரர்களா? ஊர்ப் பெட்டியில் கன்ட்ரோல் விசையோடு ஒற்றை மேற்கோள் குறியை அழுத்தினால் முந்தைய பதிவின் ஊர் அப்படியே வந்து விழும். கன்ட்ரோலோடு அரைப்புள்ளி இன்றைய தேதியைத் தரும். இவை ஆக்சஸிலேயே இருக்கின்றன. பதிவு செய்பவருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

இந்த வாரப் பயிற்சி: மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு உங்கள் ஃபார்மில் பத்துப் பதிவுகளை நீங்களே ஏற்றிப் பாருங்கள். கை எந்த இடத்தில் மவுஸைத் தேடுகிறதோ, அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

அடுத்த வாரம்: தப்பான வயதை ஏற்காத பெட்டி.

(தொடரும்)