மீன் எண்ணெய்... மாற்றுக் கிட்னிக்குக் காவல்காரனா?

ஆபீஸில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றால் போதும்... சுற்றியிருக்கும் ஸீட்காரர்கள் அத்தனை பேரும் மறுநாளே டாக்டராகி விடுவார்கள்! மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு, நீண்ட லீவுக்குப் பிறகு டியூட்டிக்கு வருபவர் பாடு இன்னும் திண்டாட்டம். மஞ்சள் கலரில் பளபளக்கும் மாத்திரை டப்பாவை நீட்டி, "மீன் எண்ணெய் ஸார்... தினம் ரெண்டு போடுங்க. கிட்னி கல்லு மாதிரி இருக்கும்!" என்பார் ஒருவர். (கிட்னியையும் கல்லையும் ஒரே வாக்கியத்தில் சொல்வதே அபசகுனம்!)

சரி, மீன் எண்ணெய் நிஜமாகவே வேலை செய்யுமா?

1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் முர்ரே செய்ததுதான் வெற்றி பெற்ற முதல் கிட்னி மாற்று ஆபரேஷன். கொடுத்தவரும் வாங்கியவரும் அச்சு அசலான இரட்டையர்கள். அதனால் உடம்பு தகராறு பண்ணவில்லை. மற்றவர்களுக்கு அந்தக் கொடுப்பினை ஏது? புது கிட்னியைப் பார்த்ததும், 'யாருய்யா நீ?' என்று நோய் எதிர்ப்புப் படை அடிக்கக் கிளம்பிவிடும். அந்தப் படையை அடக்கி வைக்கத்தான் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள். ஆனால், இவற்றால் பி.பி. ஏறலாம், கொழுப்பு கூடலாம், நாளடைவில் கிட்னியே கொஞ்சம் பாதிக்கப்படலாம்.

இங்கேதான் மீன் எண்ணெய் என்ட்ரி! அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு, ரத்தக் குழாய்களுக்கு நல்லது, அழற்சியையும் தணிக்கும் என்பதால் டாக்டர்களுக்கு ஆசை வந்தது.

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் 66 நோயாளிகளை வைத்து நடந்த சோதனை 1993-ல் வெளியானது. ஒரு வருஷம், தினமும் 6 கிராம். பாதிப் பேருக்கு மீன் எண்ணெய். மீதிப் பேருக்கு... அட, நம்ம தேங்காய் எண்ணெய்! தேங்காய் எண்ணெய் கோஷ்டியில் 20 தடவை உடம்பு கிட்னியை எதிர்த்துக் கிளம்பியது; மீன் எண்ணெய் கோஷ்டியில் 8 தடவைதான். கைதட்டத் தோன்றுகிறது, இல்லையா?

அவசரப்படாதீர்கள். இதுபோன்ற சின்னச் சின்ன ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து காக்ரேன் அமைப்பு அலசியது. 2007-ல் ஒரு முறை, 2016-ல் மறுபடியும். கிட்னி நிலைப்பதிலோ, உடம்பு அதை நிராகரிப்பதிலோ குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை! பி.பி.யின் கீழ் அளவு லேசாகக் குறைந்தது, நல்ல கொழுப்பு கொஞ்சம் கூடியது... அவ்வளவுதான். நார்வேயில் 132 பேரிடம் 44 வாரம் நடத்திய சோதனையின் முடிவு 2019-ல் வந்தது. அதிலும் ரத்தத்தில் டிரைகிளிசரைடு குறைந்ததே தவிர, கிட்னியின் வேலைத்திறன் கூடவில்லை.

"பெரிசா கெடுதல் இல்லையே, போட்டுட்டுப் போகட்டுமே!" என்கிறீர்களா? மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் 'ஏ' அதிகம். கிட்னி பலவீனமானவர்கள் உடம்பில் அது தேங்கிவிடும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று விற்கிற லேகியம், பவுடர் வகையறாக்களை அன்பாகக்கூட நீட்டாதீர்கள். டாக்டர் கஷ்டப்பட்டுத் தூங்க வைத்திருக்கும் படையை நீங்கள் தட்டி எழுப்புவானேன்?

மத்தி மீனிலும் ஒமேகா-3 இருக்கிறது. டாக்டர் சரியென்றால், உப்பைக் குறைத்துக் குழம்பு வைத்துக் கொடுக்கலாம். அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. அவருடைய மாத்திரை வேளையைத் தெரிந்து வைத்துக்கொண்டு, மீட்டிங் எவ்வளவு முக்கியமானாலும் அந்த நேரத்தில் அவரை எழுப்பி அனுப்புங்கள். ஒரு வேளைகூடத் தவறக் கூடாத மாத்திரை அதுதான்!