அலுவலக மின்னஞ்சல்: நெறியும் பொறுப்பும்

ஓலை, முடங்கல், திருமுகம் எனப் பல பெயர்களால் நம் முன்னோர் வழங்கிய கடிதக்கலை இன்று மின்வடிவம் பெற்றுள்ளது. 1971ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் வலையமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு முதன்முதலாக மடல் அனுப்பினார். அதற்கு அவர் தேர்ந்த ‘அட்’ குறியே இன்றும் முகவரியின் நடுவே நிற்கின்றது. 1995 ஆகஸ்டு 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதி திறக்கப்பட்டது. பின்னர் மின்னஞ்சல் நம் அலுவலகங்களிலும் படிப்படியாக இடம்பெற்றது.

பேச்சன்று, ஆவணம்

மின்னஞ்சல் நொடியில் செல்வதால் அதனைப் பேச்சுப் போலக் கருதுவோர் பலர். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்பதிவுகளுக்குச் சட்ட ஏற்பு வழங்கியுள்ளது. எனவே அலுவலக மடல் ஒவ்வொன்றும் ஆவணமே என்பதை உணர்தல் வேண்டும். ஏனைய நெறிகள் யாவும் இவ்வொன்றிலிருந்தே பிறக்கின்றன.

பொருளும் கோரிக்கையும்

மடலைத் திறக்குமுன் அலுவலர் காண்பன அனுப்புநர் பெயரும் பொருள் வரியுமே. ‘வணக்கம்’ என்றோ ‘அவசரம்’ என்றோ பொருளிடுவதால் பயனில்லை. ‘ஜூன் 12 முதல் 14 வரை விடுப்பு வேண்டுதல்’ என்றிருப்பின் செய்தி உடனே விளங்கும். பின்னாளில் தேடுவதும் எளிதாகும்.

ஒரு மடலில் ஒரு பொருளே அமைதல் நன்று. யார், எதனை, எந்நாளுக்குள் செய்ய வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே கூறிவிடல் வேண்டும். ‘பட்டியலை விரைவில் அனுப்புக’ என்பதனினும் ‘வருகைப் பட்டியலை வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் அனுப்பி உதவுக’ என்பதே பயன் தரும். உடன் விடையளிக்க இயலாதவிடத்து, ‘மடல் கிடைத்தது, செவ்வாயன்று விடை தருவேன்’ என ஒரு வரி எழுதுதல் பண்பாகும்.

யார் யாருக்கு?

செயலாற்ற வேண்டியவர் பெறுநர். அறிந்திருக்க வேண்டியவர்க்கு நகல். தட்டச்சுப் பொறியில் கரித்தாள் வைத்துப் படியெடுத்த காலத்தின் எச்சமே ‘சி.சி.’ என்னும் எழுத்துகள். ஒருவரையொருவர் அறியாத பலர்க்கு ஒரே அறிவிப்பை விடுக்கும்போது மறைநகல் முறையைக் கையாண்டால் ஒருவர் முகவரி மற்றவர்க்குத் தெரியாது. ‘அனைவருக்கும் மறுமொழி’ என்பதை அழுத்துமுன், அவ்விடை அனைவர்க்கும் வேண்டியதுதானா எனச் சிந்தித்தல் தகும்.

நாம் ஒருவர்க்கு எழுதியது மற்றொருவர் கைக்கும் செல்லக்கூடும். சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு விடுத்த முடங்கலின் சொற்கள் தன் பெற்றோர்க்கும் பொருந்தியிருந்தமையால், அவன் அதனையே அவர்களிடம் சேர்க்குமாறு கோசிகனிடம் கொடுத்தான். யார் கண்ணில் பட்டாலும் எழுதியவர்க்குப் பெருமை தருவதே நல்ல மடல். எனவே சினத்தில் எழுதியதை உடனே அனுப்பாது, வரைவாக வைத்து மறுநாள் படித்துப் பார்த்தல் அறிவுடைமை. அனுப்பியதைத் திரும்பப் பெற ஜிமெயில் தரும் அவகாசம் 30 நொடிகளுக்கு மேல் இல்லை.

பாதுகாப்பு

பெறுநர் முகவரியை இறுதியாக இடுவது நல்ல பழக்கம். முற்றுப்பெறாத மடல் தவறிச் செல்லாது. இணைப்புகளைச் சேர்த்தோமா எனவும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். கடவுச்சொல்லோ பணமோ கேட்டு மடல் வந்தால், மேலதிகாரியின் பெயரில் வந்ததேயாயினும், அனுப்புநர் முகவரியை நோக்கி, நாம் முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் உறுதிசெய்த பின்னரே செயற்படல் வேண்டும்.

மாணவர்க்கு

வேலை தேடும் மாணவரை நிறுவனம் முதலில் அறிவது பெரும்பாலும் அவர்தம் மடலின் வாயிலாகவே. விளையாட்டுப் பெயர்களை விடுத்து, தம் இயற்பெயரில் முகவரி அமைத்துக்கொள்வது நன்று. ஆங்கிலத்தில் எழுத நேரின் கடுஞ்சொற்கள் வேண்டா. குறுகிய, பிழையற்ற தொடர்கள் போதும். ஒருங்குறி எழுத்துமுறை வந்தபின் தமிழிலும் தடையின்றி எழுதலாம். எம்மொழியாயினும் தெளிவும் பணிவும் அமைந்த மடலே எழுதியவர்க்குச் சான்றாய் நிற்கும். கடிதக்கலையைக் கற்பிக்கும் தமிழ் வகுப்புகளில் இதற்கும் ஓரிடம் அமைதல் காலத்தின் தேவையாகும்.