கடலுக்கு அடியில் ஒரு நினைவுச் சிலை: பழுது பார்ப்பதா, புதுசா வைப்பதா?

தரையில் இருக்கும் சிலை பழசானால் துடைக்கலாம், பூச்சு பூசலாம், சுற்றி வேலி போடலாம். அதுவே கடலுக்குள் 17 மீட்டர் ஆழத்தில் இருந்தால்? உப்பு அரிக்கும், சிப்பி ஒட்டும், மேலே வரும் படகின் நங்கூரம் இடிக்கும். இத்தாலியின் புகழ்பெற்ற ‘ஆழ்கடல் கிறிஸ்து’ சிலைக்கு இதெல்லாமே நடந்தது. அதைச் சரிசெய்வதா, எடுத்துவிட்டு வேறு வைப்பதா என்ற கேள்விக்குள் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது: நினைவுச் சின்னம் என்றால் எது? உருவமா, உலோகமா, இடமா?

யாருக்காக வைத்த சிலை?

இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில் கமோலிக்கும் போர்ட்டோஃபினோவுக்கும் நடுவே இருக்கிறது சான் ஃப்ருத்துவோசோ என்ற சின்ன வளைகுடா. இத்தாலியின் ஸ்கூபா முன்னோடிகளில் ஒருவரான தாரியோ கொன்சாத்தி 1947-ல் இங்கே உயிரிழந்தார். இந்த இடத்திலேயே நினைவுச் சின்னம் வைக்க வேண்டும் என்று சொன்னவர், இன்னொரு டைவரான துய்லியோ மர்கான்தே. சிற்பி குய்தோ கல்லெட்டி செய்த, சுமார் 2.5 மீட்டர் உயர வெண்கலச் சிலை 1954 ஆகஸ்ட் 22-ல் கடலுக்குள் இறக்கப்பட்டது. இரு கைகளையும் மேலே உயர்த்தி, அண்ணாந்து பார்த்தபடி நிற்கும் இயேசுவின் உருவம் அது.

வெண்கலம் எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். மக்கள் கொடுத்த பதக்கங்கள், மணிகள், கப்பல் பாகங்கள் போன்றவற்றை உருக்கித்தான் சிலை வார்க்கப்பட்டது.

என்ன ஆச்சு?

சுமார் 50 வருடத்தில் அரிப்பு கூடியது. படகின் அடியில் ஒட்டுமே கொட்டலசு, அதுபோன்ற உயிரினங்கள் சிலை மேல் படிந்தன. ஒரு கை கழன்றது. காரணம் நங்கூரம் என்கிறார்கள். 2003-ல் சிலை மேலே தூக்கப்பட்டது. சரிசெய்த பிறகு, 2004 ஜூலை 17-ல் புதிய பீடத்தின் மேல் மறுபடியும் கடலுக்குள் நிறுத்தினார்கள். அதாவது, பீடம் புதுசு. சிலை அதே சிலை.

தேய்த்துக் கழுவினால் போதாதா?

வீட்டில் வெண்கலப் பாத்திரத்தில் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்ப்போம், பளிச்சென்று ஆகிவிடும். சிலைக்கு அது ஆகாது. புளியில் இருக்கும் அமிலம் களிம்போடு கொஞ்சம் உலோகத்தையும் சேர்த்தே எடுக்கும். விரல், முகம் போன்ற நுட்பமான இடங்கள் மழுங்கிவிடும்.

மேலே தூக்குவதிலும் சிக்கல் உண்டு. கடல் உப்பில் இருக்கும் குளோரைடு வெண்கலத்துக்குள் இறங்கியிருக்கும். காற்றும் ஈரமும் பட்டதும் அரிப்பு இன்னும் வேகமாகலாம். அதனால்தான் கடலில் இருந்து எடுக்கும் உலோகப் பொருட்களின் உப்பு வெளியேறும்வரை, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைப்பார்கள். பொறுமையான வேலை, செலவும் அதிகம்.

அப்போ புதுசா ஒண்ணு வைத்தால் என்ன?

வைக்கலாம், முன்னுதாரணமும் இருக்கு. ரோம் நகரில் மார்கஸ் அரேலியஸ் மன்னரின் வெண்கலக் குதிரைச் சிலையை 1981-ல் சதுக்கத்தில் இருந்து எடுத்தார்கள். இன்று அசல் அருங்காட்சியகத்துக்குள், நகல் சதுக்கத்தில். நகலைப் பார்ப்பவர் சில அடி நடந்தால் அசலையும் பார்த்துவிடலாம்.

ஆழ்கடல் கிறிஸ்துவுக்கும் ‘இரட்டையர்கள்’ உண்டு. 1961-ல் தீப்பிடித்த ‘பியாங்கா சி’ கப்பலில் இருந்தவர்களைக் காப்பாற்றியதற்கு நன்றியாக கரீபியன் தீவான கிரெனடாவுக்கு ஒன்று கிடைத்தது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், கீ லார்கோ அருகே 1965-ல் இன்னொன்று கடலுக்குள் வைக்கப்பட்டது.

ஆக, உருவம் தொலையாது. வார்ப்பு இருந்தால் எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் யாரோ கழற்றிக் கொடுத்த பதக்கம் நகலில் இருக்காது. அசலைக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் வைத்தால் உலோகம் பிழைக்கும். அது யாருக்காக, எந்த இடத்துக்காக வார்க்கப்பட்டதோ அந்தத் தொடர்பு அறுந்துவிடும்.

தொடாமலே விட்டால்?

இதுவும் ஒரு வழிதான். கீ லார்கோ சிலை மேல் பவளம் வளர்ந்திருக்கிறது. தொட்டால் எரியும் நெருப்புப் பவளமும் அதில் உண்டு. அந்தக் கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் இஷ்டத்துக்குச் சுரண்ட முடியாது. அங்கே ‘அழுக்கு’ என்று நினைப்பதே ஓர் உயிர்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

நீருக்கடிப் பாரம்பரியத்துக்கான யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை, இருக்கும் இடத்திலேயே பாதுகாப்பதை முதல் வழியாகப் பார்க்கச் சொல்கிறது. ஆனால் குறைந்தது 100 வருடம் நீரில் இருந்தவைதான் அதன் வரம்புக்குள் வரும். இந்தச் சிலை அந்த வயதைத் தொட 2054 ஆகிவிடும். அதுவரை, முடிவு பராமரிப்பவர்களின் கையில்.

சரி, எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

சான் ஃப்ருத்துவோசோவில் செய்ததில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. பீடம், பிணைப்பு போன்றவை சிலையைத் தாங்குவதற்குத்தான். அவற்றைத் தயங்காமல் மாற்றலாம். நினைவைச் சுமக்கும் உலோகத்தை முடிந்தவரை பழுது பார்க்கணும். தன் எடையைத் தானே தாங்க முடியாமல், டைவர்கள் மேல் விழும் ஆபத்து வந்தால் மட்டும் நகல். அப்போதும் ‘இது நகல்’ என்று அங்கேயே எழுதி வைப்பதுதான் நேர்மை.

ஒவ்வொரு ஜூலை இறுதியிலும் டைவர்கள் கீழே இறங்கி, கடலில் உயிர்விட்டவர்களுக்காக அந்தச் சிலையின் காலடியில் மலர்வளையம் போல ஓர் இலை வளையம் வைக்கிறார்கள். 1954-ல் வார்த்த அதே வெண்கலத்தின் காலடியில்.