சூரைச்செடியின் கீழ்: மனச்சோர்வும் உடலைப் பேணுதலும்

மனச்சோர்வுற்று ஆயரை நாடி வருவோருக்கு நம் சபைகளில் வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனைகள் இரண்டு: விசுவாசத்தில் உறுதிப்படுங்கள், உபவாசித்து ஜெபியுங்கள். இக்காலத்தில் மூன்றாவதாக, மருந்துக்கடையில் கிடைக்கும் சத்து மாத்திரைகளையும் சிலர் பரிந்துரைக்கின்றனர். இவற்றுள் எது உதவும், எது ஊறு விளைவிக்கும் என்பதை மேய்ப்புப்பணியாற்றுவோர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. தவறான ஆலோசனையால் ஓர் உயிரே போய்விடக்கூடும்.

திருமறையின் சான்று

யேசபேலின் அச்சுறுத்தலுக்குத் தப்பி வனாந்தரத்தில் ஒரு நாள் பயணம் சென்ற எலியா, சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தாம் சாகவேண்டும் என்று இறைவனை வேண்டினார் (1 இராஜாக்கள் 19). கர்மேலில் அசையாது நின்றவர் அவர். அவருடைய நிலையை விசுவாசக் குறைவு என்று எளிதில் ஒதுக்கிவிட இயலாது. இன்றைய மருத்துவர் கூறும் நோய்தான் அவருக்கு நேர்ந்தது என்று நாம் துணிந்து கூறவும் வேண்டியதில்லை. இறைவன் அவரை நடத்திய முறையே கருதத்தக்கது. தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தொட்டெழுப்பி, தழலில் சுட்ட அடையும் நீரும் தந்து, மீண்டும் உறங்கவிட்டு, இரண்டாம் முறையும் உண்ணச் செய்தான். ஓரேபில் இறைவன் பேசியது அதன் பின்னரே. எபிரேயச் சிந்தனையில் ‘நெஃபெஷ்’ என்னும் சொல், உடலோடு கூடிய முழு மனிதனைக் குறிக்கும். எனவே உடலைப் பேணுதல் ஆன்மப் பணிக்குப் புறம்பானதன்று.

சீர்திருத்தத் தந்தையான லூத்தரும் இதனை உணர்ந்திருந்தார். மனக்கலக்கமுற்ற எரோணிமுஸ் வெல்லருக்கு 1530இலும், அன்ஹால்ட் இளவரசர் யோவாக்கிமுக்கு 1534இலும் எழுதிய கடிதங்களில் தனிமையை விலக்குமாறு வற்புறுத்தினார். இளவரசருக்குக் குதிரையேற்றத்தையும் வேட்டையையும் நல்லோர் கூட்டுறவையும் பரிந்துரைத்தார்.

உடற்பயிற்சி

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 1999இல் வெளியிட்ட ஆய்வில், 50 வயதும் அதற்கு மேலும் ஆன 156 மனச்சோர்வு நோயாளர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியும், மற்றொன்றுக்குச் செர்ட்ராலின் என்னும் மருந்தும், மூன்றாவதற்கு இரண்டும் அளிக்கப்பட்டன. 16 வாரங்களின் முடிவில் மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம் பெற்றிருந்தனர். எனினும், மருந்தின் பயன் விரைவாகத் தோன்றியது. பிரித்தானிய மருத்துவ இதழில் 2024இல் வெளிவந்த தொகுப்பு 218 ஆய்வுகளை ஆராய்ந்து, நடை, மெல்லோட்டம், யோகாசனம், தசைகளை வலுவூட்டும் பயிற்சி ஆகியவை பயன் தருவதாகக் கண்டது. அவ்வாய்வுகளுள் பல குறைபாடுடையவை என்பதையும் அதன் ஆசிரியர்களே சுட்டியுள்ளனர்.

சத்து மாத்திரைகள்

இவற்றைப் பற்றிய சான்று வேறு வகையானது. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 18,353 பேர் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். வைட்டமின் டி உட்கொண்டோருக்கும் உட்கொள்ளாதோருக்கும் மனச்சோர்வு ஏற்படுவதில் வேறுபாடு காணப்படவில்லை. ஒமேகா-3, வைட்டமின் டி, ஃபோலிக் அமிலம், செலீனியம் ஆகியவற்றைச் சேர்த்து ஐரோப்பிய நாடுகள் நான்கில் 1,025 பேரிடம் சோதித்த ஆய்வும் (2019) நோயைத் தடுக்கவில்லை.

ஆயினும், உடலில் உண்மையான குறைபாடு இருப்பின் அதனை நிறைவு செய்வது கடமையாகும். வைட்டமின் பி12 குறைவு, இரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவை சோர்வையும் ஊக்கமின்மையையும் தோற்றுவிக்கும். இரத்தப் பரிசோதனையால் இவற்றை அறியலாம். மருத்துவரைக் காணாமல் மாத்திரை வாங்குவதால் அறிய இயலாது. திருமுழுக்கு யோவானின் பெயரைத் தாங்கிய ‘செயிண்ட் ஜான்ஸ் வொர்ட்’ என்னும் மூலிகையை மனச்சோர்வு மருந்துகளுடன் சேர்த்து உண்பது ஆபத்தானது. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து முதலியவற்றின் ஆற்றலையும் அது குறைத்துவிடும். இயற்கையானது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

சபையின் பணி

‘நாள்தோறும் நடங்கள்’ என்று நோயாளரிடம் சொல்லிவிடுவது எளிது. ஆனால் எழுந்து தொடங்கும் ஆற்றலையே இந்நோய் பறித்துக்கொள்கிறது. அவரால் இயலாதபோது, நமது அறிவுரை அவருடைய குற்றவுணர்வை இன்னும் மிகுவிக்கும். ஆகவே அவர் இல்லம் சென்று, பத்து நிமிடமேனும் உடன் நடப்பவரே அவருக்குத் தேவை. வேளைக்கு உணவு கொண்டு செல்வதும், மருத்துவமனைக்குத் துணை செல்வதும் அத்தகைய பணிகளே. எலியாவுக்கும் இறைவன் இறுதியில் எலிசாவைத் துணையாக அளித்தார்.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் தேவை. மருத்துவர் அளித்த மருந்தை ஆயர் எவரும் நிறுத்தச் சொல்லலாகாது. உண்ணாமல் மெலிந்துவருபவருக்கு உபவாசத்தைப் பரிந்துரைக்கலாகாது. சாவைப் பற்றிப் பேசுவோரிடம் அதைப் பற்றி நேரடியாகக் கேட்க அஞ்சலாகாது. கேட்பதனால் அவ்வெண்ணம் தூண்டப்படுவதில்லை. அத்தகையோரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். இந்திய அரசு 2022இல் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி உதவியும் உண்டு.

அடையும் நீரும் எலியாவின் நோக்கை நிறைவேற்றிவிடவில்லை. ஓரேபுக்குச் செல்லும் நெடும்பயணத்திற்கு அவருக்கு வலுவூட்டின. உணவும் நடையும் மருந்தும் அத்தகையவையே. அவற்றை இறைவனின் கொடைகளாக ஏற்று, சோர்ந்தோர் கையில் சேர்ப்பது திருச்சபையின் கடமை.