விறகு அடுப்பா, பெல்லட் அடுப்பா? வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க!

சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் விறகு அடுப்புப் பேச்சும் திரும்ப வந்துவிடும். 2011இல் மதுரை மாநகராட்சியுடன் இணைந்த ஆனையூர் போன்ற பகுதிகளில் தென்னை மட்டை, சிரட்டை, சீமைக்கருவேல விறகு எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடைக்கும். வெந்நீர் போட, விசேஷத்துக்குச் சமைக்க ஒரு அடுப்பு இருந்தா நல்லதுதானேன்னு தோணும். ஆனா எந்த அடுப்பு, அதை எங்கே வைப்பது? பார்க்கலாம்.

'புகையில்லா அடுப்பு'ன்னா புகையே வராதா?

வரும், ஆனா குறைவா வரும். சூடாகும் விறகிலிருந்து ஒரு வாயு வெளியேறுகிறது. அது முழுசா எரிந்தால் தீ, எரியாமல் தப்பித்தால் புகை. மேம்பட்ட அடுப்புகள் காற்றைச் சரியான இடத்தில் கொடுத்து அந்த வாயுவையும் எரிக்கின்றன. சின்ன மின்விசிறி வைத்த அடுப்புகளில் இது இன்னும் நன்றாக நடக்கும்.

வாங்கும்போது 'ஐஎஸ் 13152' தரக்குறியீடு இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தத் தரத்தின்படி சாதாரண அடுப்பு குறைந்தது 25 சதவீத வெப்பத்தையும், விசிறி அடுப்பு 35 சதவீத வெப்பத்தையும் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும்.

உண்மையிலேயே காசு மிச்சமா?

14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தரும் வெப்பத்தை விறகில் பெற எவ்வளவு தேவை? தோராயக் கணக்கு இதோ:

* மூணு கல் அடுப்பு (10 சதவீதம் என வைத்துக்கொண்டால்): சுமார் 230 கிலோ
* மேம்பட்ட அடுப்பு (25 சதவீதம்): சுமார் 95 கிலோ
* விசிறி அடுப்பு (35 சதவீதம்): சுமார் 67 கிலோ

இது காய்ந்த விறகுக்கான கணக்கு. உங்க ஏரியா விறகுக்கடை விலையோடு பெருக்கிப் பாருங்க. சிலிண்டர் விலையைத் தாண்டினா லாபம் இல்லை. சொந்தத் தோட்டத்து மட்டையும் சிரட்டையும் இருப்பவர்களுக்குத்தான் இது நிஜமான மிச்சம்.

பெல்லட் அடுப்பு எப்படி?

வேளாண் கழிவை அழுத்திச் செய்யும் சின்னச் சின்னக் குச்சிகள்தான் பெல்லட். ஒரே சீராக எரியும், புகை குறைவு. ஆனா ஒரு பழைய அனுபவம் இருக்கு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தில் பிபி நிறுவனம் 2006இல் 'ஊர்ஜா' பெல்லட் அடுப்பைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் சுமார் 4 லட்சம் அடுப்புகள் விற்றன. பிறகு பெல்லட் விலை ஏறியதும் வீடுகளில் பலர் கைவிட்டுவிட்டார்கள். அதனால முதல்ல பெல்லட் விற்கும் கடை பக்கத்துல இருக்கான்னு விசாரிங்க. அடுப்பு அப்புறம்.

எங்கே வைப்பது?

* முதல் தேர்வு: கொல்லைப்புறம் அல்லது காற்று தாராளமாக வரும் திறந்த தாழ்வாரம். விசிறி அடுப்பானாலும் புகைபோக்கி இல்லாவிட்டால் வெளியேதான்.
* வீட்டுக்குள் என்றால் புகைபோக்கி கட்டாயம். குழாய் கூரைக்கு மேலே நன்றாக உயர்ந்து நிற்க வேண்டும், மழைக்கு மூடி வேண்டும். கரி படியும் என்பதால் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.
* ஓலைக்கூரைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நீங்களே துளைக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.
* கேஸ் சிலிண்டர் இருக்கும் அறையில் விறகு அடுப்பு கூடாது.

ஈர விறகுதான் வில்லன்

எவ்வளவு நல்ல அடுப்பானாலும் பச்சை விறகைத் திணித்தால் புகைதான். தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பகுதி போய்விடும். வெயில் காலத்திலேயே பிளந்து காயவைத்து, ஐப்பசி மழைக்கு முன் நனையாத இடத்தில் அடுக்கிவிடுங்கள். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் போடாதீங்க.

புகை போனால் ஆபத்து போச்சா?

இல்லை. கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தணலை மூடிய அறைக்குள் எடுத்துப் போவது உயிருக்கே ஆபத்து. சமைக்கும்போது தலைவலி, தலைசுற்றல் வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

வீட்டுக்குள் வரும் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இந்தியா (தமிழ்நாடு) உட்பட நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் அளவு, கேஸுக்கு மாறியவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

ஆக, கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் தினசரிச் சமையல் கேஸிலோ இண்டக்‌ஷனிலோ இருக்கட்டும். விறகு அடுப்பு வெந்நீருக்கும் விசேஷத்துக்கும் வெளியே இருக்கட்டும்.