வறண்ட மாவட்டத்தில் பச்சை மாறாத காடு... உங்க ஊர் கோயில் காட்டுக்குப் பின்னால் இருக்கும் சயின்ஸ்!

'புதுக்கோட்டைன்னாலே வறட்சி' என்பதுதான் பலரின் மைண்ட் வாய்ஸ். செம்மண் பொட்டல், சீமைக்கருவேலம், தைலமரம்... பஸ் ஜன்னல் வழியே தெரிவதும் இவைதான். ஆனால், இந்த மண்ணின் சொந்தக் காடு வேற ரகம். சித்திரை வெயிலிலும் மொத்தமாக இலை உதிர்க்காமல் பச்சையாக நிற்கும் காடு அது. பெயர், வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. 1968-ல் சாம்பியன், சேத் இருவரும் இந்தியக் காடுகளை 16 பெரிய வகைகளாகப் பிரித்தபோது, இதற்குத் தனியாக 7-ம் இடம் கொடுத்தார்கள்.

பசுமைமாறாக் காடு என்றதும் ஊட்டி, கொடைக்கானல் சோலைகள் ஞாபகம் வரும். அங்கே மழையும் மேகமூட்டமும் ஈரத்தைப் பார்த்துக்கொள்கின்றன. இங்கே ஆண்டு மழையே சுமார் 900 மில்லிமீட்டர். அதிலும் கணிசமான பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதங்கள் எப்படி?

வெயிலைச் சமாளிக்க மூணு வழி

முதல் வழி, தேக்கு மாதிரி கோடையில் இலையை உதிர்த்துவிட்டு, மழை வரும்வரை காத்திருப்பது.

இரண்டாவது, கள்ளி ஸ்டைல். சதுரக்கள்ளியில் இலை பேருக்குத்தான். பச்சைத் தண்டே தண்ணீரைச் சேமிக்கும், உணவும் தயாரிக்கும்.

மூன்றாவதுதான் நம்ம காட்டின் வழி. உலக்கைப் பாலை, வீரை, காசா மர இலைகளைத் தொட்டுப்பாருங்கள். தோல் மாதிரி தடிப்பாக, மெழுகு பூசியதுபோல இருக்கும். உச்சி வெயிலில் இலைத்துளைகளை மூடி, தண்ணீர் ஆவியாவதைக் குறைத்துக்கொள்ளும். போனில் பேட்டரி சேவர் போடுற மாதிரி! இலை தயாராக இருப்பதால், கோடையில் திடீர் மழை வந்தாலும் உடனே பயன்படுத்திக்கொள்ளும். இதற்கு விலை, வேகம். இந்த மரங்கள் ரொம்ப மெதுவாகத்தான் வளரும்.

நார்த்தாமலை மாதிரியான குன்றுகளில் இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். மொட்டைப் பாறையில் மழைநீர் நிற்காது. அதனால் இடுக்குகளில் கள்ளியும் முட்புதரும்தான். ஓடிவரும் தண்ணீரும் மண்ணும் சேரும் அடிவாரத்தில் மரங்கள் நெருங்கி நிற்கும். ஒரே மழைதான். மண்ணின் ஆழம்தான் காட்டை மாற்றுகிறது.

அய்யனார் காத்த காடு

இந்தக் காட்டின் பெரும்பகுதி விவசாயத்துக்கும் விறகுக்கும் போய்விட்டது. 1974-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம், காகித ஆலைகளுக்காக இந்த மாவட்டத்திலும் தைலமரம் வளர்க்கிறது. தைலமரக் காடுகளில் எடுத்த வரப்புகளால் கண்மாய்க்கு வரவேண்டிய தண்ணீர் தடைபடுகிறது என்பது இங்குள்ள விவசாயிகளின் நீண்டநாள் புகார்.

மிச்சம் இருப்பதில் முக்கியமானவை கோயில் காடுகள். 'சாமி காட்டுல சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது' என்ற பயம்தான் இவற்றைக் காப்பாற்றியது. மண்குதிரைகளுக்குப் பின்னால் அடர்ந்து நிற்பது சும்மா புதர் இல்லை. பாலைப்பழம், காரைப்பழம், சூரைப்பழம் எல்லாம் கிடைக்கும் இடம். பழம் தின்னும் பறவைகளும் வௌவால்களும்தான் இந்தக் காட்டின் விதைகளைப் பரப்புகின்றன.

இப்போ அந்தப் பயம் குறைகிறது. பக்தி குறையவில்லை, கோயில் பெரிதாகிறது. மண்டபம், சிமென்ட் தளம், பார்க்கிங் என்று இடம் தேவைப்படும்போது முதலில் போவது பின்னால் இருக்கும் 'புதர்'தான். நூறு மரக்கன்றுகளை நட்டு அதை ஈடுகட்டிவிட முடியாது. கீழே இருக்கும் புதர், கொடி, மட்கிய இலை எல்லாம் சேர்ந்ததுதான் காடு.

அதற்காக நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த இடம் மண் அரித்த செம்மண் மேடு. அங்கே இதே வகைக் காட்டைத் திரும்ப வளர்த்திருக்கிறார்கள். ஆனால், பல பத்தாண்டு உழைப்பு அது.

அதனால, அடுத்த முறை குலசாமி கும்பிடப் போகும்போது ரெண்டு விஷயம் செய்யுங்க. அங்கே நிற்கும் மரங்களின் பெயரை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு போனில் குறிச்சு வைங்க. திருப்பணிக் கூட்டத்தில் 'புதரைச் சுத்தம் பண்ணலாம்'னு யாராவது சொன்னால், 'அது நம்ம ஊர்க் காடு, இருக்கட்டும்'னு சொல்லுங்க. வரிப்பணம் கொடுக்கிற பங்காளி சொன்னா, கூட்டத்துல கேட்பாங்க!