‘செல்லாத’ கிரயம்: பஞ்சமி நில வழக்குகளில் ஒரு பெயரடையின் எடை

மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய ஒரு பஞ்சமி நிலம் தலித் அல்லாத ஒருவருக்கு விற்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத்தாள் உண்டு, பத்திரப்பதிவு உண்டு, வாங்கியவர் பெயரில் பட்டாவும் உண்டு. ஆயினும் அந்தக் கிரயம் ‘செல்லாத’ கிரயமே. பதிவு செய்வதால் அதற்கு உயிர் வந்துவிடாது.

சட்டத்தில் இச்சொல்லுக்கு மிக நெருங்கிய உறவுச்சொல் ஒன்று உண்டு: ‘செல்லாததாக்கத்தக்க’. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. மிரட்டியோ ஏமாற்றியோ பெற்ற ஒப்பந்தம் செல்லாததாக்கத்தக்கது; பாதிக்கப்பட்டவர் அதனை விலக்கும்வரை அது நடைமுறையில் இருக்கும். அத்தகைய பத்திரத்தை ரத்து செய்யக் கோருவதற்கு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 3 ஆண்டுகளே தருகிறது. செல்லாத ஒன்றிலோ, ரத்து செய்வதற்கு எதுவுமே இல்லை. செல்லாக்காசைக் கடைக்காரர் ரத்து செய்வதில்லை. வாங்க மறுக்கிறார், அவ்வளவே.

செங்கல்பட்டு ஆட்சியராகப் பணியாற்றிய ட்ரெமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892இல் அரசாணை 1010 பிறந்தது. ஒப்படை நிலங்களை முதல் 10 ஆண்டுகளுக்கு எவருக்கும் விற்கலாகாது. அதன்பின் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் கைமாற்றம் செல்லாது, அரசு நிலத்தை மீட்கலாம் என்பவை இந்நிலங்களுக்குரிய நிபந்தனைகள். இதே மாவட்டத்தின் காரணை நிலங்களுக்கான போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தனர்.

வாங்கியவர் தரப்பு முதலில் எடுத்துவைப்பது சொத்துமாற்றச் சட்டத்தின் 10ஆம் பிரிவை: விற்கவே கூடாதென முற்றிலும் தடுக்கும் நிபந்தனைதான் செல்லாதது என்பார்கள். அரசு வழங்கும் நிலங்களுக்கு 1895ஆம் ஆண்டின் அரசு மானியங்கள் சட்டம் இதிலிருந்து விலக்களித்தது. அச்சட்டத்திற்கு முன்னர் வழங்கப்பட்டவற்றுக்கும் அவ்விலக்கு பொருந்தும்.

அடுத்த வாதம் நுட்பமானது. கிரயம் செல்லாததன்று, செல்லாததாக்கத்தக்கது மட்டுமே என்பார்கள். இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கர்நாடகத்தின் 1978ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வழங்கப்பட்ட நிலங்களின் விதிமீறிய விற்பனையைச் செல்லாதது என்று அறிவித்தது. மஞ்சேகௌடா வழக்கில் 1984இல் அச்சட்டத்தை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், அதற்கு முந்தைய விற்பனைகளைச் செல்லாததாக்கத்தக்கவை என்றே கருதியது. ஆக, அங்கே அப்பெயரடையை மாற்றியது ஒரு சட்டம். தமிழ்நாட்டிலோ அத்தகைய தனிச்சட்டம் இல்லை. அரசாணையையும் ஒப்படை நிபந்தனையையும் வருவாய் நிலை ஆணை 15ஐயும் கொண்டே வாதாடுகிறோம். தனிச்சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையின் சட்ட அடிப்படை இதுவே.

‘செல்லாதது’ என்பதால் காலதாமதம் பொருட்டல்ல என்று இருந்துவிடவும் கூடாது. கர்நாடகச் சட்டத்தின் கீழேயே, நியாயமான காலத்திற்குள் மனுச் செய்திருக்க வேண்டும் என்று நெக்கந்தி வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அத்தடையை நீக்க அம்மாநிலம் 2023இல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

இன்னொன்றைக் களப்பணியாளர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். கிரயம் செல்லாது என்று ஆகிவிட்டால், நிலம் விற்றவர் குடும்பத்திற்குத் தானாகத் திரும்பிவிடாது. நிபந்தனைப்படி மீட்பது அரசு. எனவே கோட்டாட்சியருக்கு எழுதும் மனுவில் மீட்பை மட்டும் கோரினால் போதாது. நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு மறு ஒப்படை செய்யவும் அதே மனுவில் கோர வேண்டும். அதற்கு முன்பாக, அந்தச் சர்வே எண்ணுக்குரிய அ-பதிவேட்டு நகலையும் பழைய ஒப்படை ஆவணத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டுப் பெறுங்கள்.